உடையாத கண்ணாடி

ஜூன் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. இரவெல்லாம் பெய்த மழை விடியலில் ஓய்ந்திருந்தது. காற்று அசையவில்லை, வானம் பிழியாத துணியைப் போலக் கனத்துத் தொங்கியது.

ஈரக்காற்றில் துணி எளிதில் பதத்துக்கு வராது. ஆதலால் இஸ்திரிக்காரி அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே பெட்டியைச் சூடேற்றியிருந்தாள். விடுதிப் பணியாளர்களின் வெள்ளைச் சட்டைகள் மேசையின் ஓரத்தில் குவிந்து கிடந்தன. முதலில் கழுத்துப்பட்டை, அடுத்துத் தோள், அதன்பின் கைகள் என்று அவள் ஒழுங்கு மாறாமல் தேய்த்தாள். ஆனால், ஒவ்வொரு சட்டையையும் மேசையில் விரிப்பதற்கு முன் வாசலுக்குச் சென்று உதற வேண்டியிருந்தது. பின்சுவருக்கு அப்பால் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் குழி தோண்டத் தொடங்கிய நாள்முதல் சாம்பல்நிறத் தூசி வீட்டின் எப்பொருளையும் விட்டுவைக்கவில்லை.

வீடு என்பது ஒரே அறைதான். வாசலை ஒட்டி இஸ்திரி மேசை. பின்சுவரை ஒட்டிக் கணவனின் கட்டில். சலவை மூட்டையோடு படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் அவன் அக்கட்டிலைவிட்டு இறங்கியதில்லை. கட்டிலை வேறிடத்தில் போட அறையில் இடமுமில்லை. அவனுடைய தலைமாட்டுக்கு நேராகச் சுவரில் ஒரு விரிசல் கூரைமுதல் தரைவரை இறங்கியிருந்தது. அவ்விரிசலின் குறுக்கே, விரலகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டு, இரு முனைகளிலும் சிமெண்டுப் பூச்சோடு ஒட்டப்பட்டிருந்தது.

அதை ஒட்டியவர் அவளுடைய அண்ணன். அண்ணன் கொத்துவேலைக்காரர், மேஸ்திரி என்றே எல்லாரும் அழைப்பர். அவ்வரிசையில் மூன்று வீடுகள்: முதலில் இஸ்திரிக்காரியின் வீடு, நடுவில் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநரின் வீடு, கடைசியில் மேஸ்திரியின் வீடு. மூன்றுக்கும் பின்சுவர் ஒன்றே. அதைக் கட்டியவரும் மேஸ்திரியே. குழி ஆழமாகி மூன்று வீடுகளிலும் விரிசல் விட்டபோது, தெருவே திரண்டு மண் லாரிகளின் முன்னால் உட்கார்ந்துவிட்டது. அன்று சமாதானம் செய்து வைத்தவரும் அவரே.

“எதுக்கு வெயில்ல காயுறீங்க? விரிசல் மேல கண்ணாடி ஒட்டுறேன். சுவர் நூலளவு அசைஞ்சாலும் கண்ணாடி உடைஞ்சிடும். அது முழுசா இருக்கிறவரைக்கும் பயமில்லை. உடைஞ்ச அன்னைக்கு லாரி முன்னாடி முதல் ஆளா நான் படுக்கிறேன், போதுமா?”

தங்கையின் வீட்டில் கிடந்த பழைய சன்னல் கண்ணாடியை அறுத்துத்தான் மூன்று வீடுகளுக்கும் ஒட்டினார். சன்னலுக்கு எப்போதோ அடித்த பச்சை வண்ணம் அக்கண்ணாடியெங்கும் புள்ளி புள்ளியாகத் தெறித்திருந்தது. மக்கள் எழுந்து வீடு திரும்பினர். சில நாட்களில் கட்டட நிறுவனம் மேஸ்திரிக்கே அங்கு வேலை கொடுத்தது. உள்ளே நம் ஆள் ஒருவர் இருப்பது நல்லதுதான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அன்று முற்பகலில் மாநகராட்சி அதிகாரி வந்தார். புகார் கொடுத்தவர் நடத்துநர். ஓய்வுபெற்ற பின்னும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாதவர். அதனால் அவருக்கு ‘விசில்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதிகாரியோடு கட்டடப் பொறியாளரும், மஞ்சள் தலைக்கவசம் அணிந்த மேஸ்திரியும் வந்தனர். நால்வர் நின்றதும் அறை நிறைந்துவிட்டது. தேய்த்த சட்டைகள் கசங்காதிருக்க இஸ்திரிக்காரி அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒதுங்கினாள்.

“சார், ராத்திரி தலைய சாய்ச்சா காதுக்குள்ள மண்ணு சரியுது. சரசரன்னு கேக்குது” என்றான் கட்டிலில் கிடந்தவன்.

“எலியா இருக்கும்” என்றார் அதிகாரி.

“எலின்னா கீச்சுன்னு கத்தும் சார். இது லாரி கணக்கா உறுமுது. அந்த எலிகிட்ட லைசென்ஸ் இருக்கான்னு கொஞ்சம் கேளுங்க” என்றார் விசில்.

அதிகாரி சிரிக்கவில்லை. குனிந்து, பேனா முனையால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார்.

“முழுசா இருக்கே. ஒரு கீறல்கூட இல்ல. பக்கத்து வீட்லயும் இப்படித்தான் இருந்துச்சு. இதை ஒட்டினது யாரு?”

“நான்தாங்க. இந்தச் சுவரைக் கட்டினதே நான்தாங்க” என்றார் மேஸ்திரி.

“அப்புறம் என்னய்யா? சும்மா சும்மா புகார் கொடுத்தா எங்களுக்கு வேற வேலை இல்லையா?”

நடத்துநர் விசிலைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டார். மேஸ்திரி கட்டிலருகே சென்று, சரிந்திருந்த தலையணையைத் தூக்கி வைத்தார்.

“மாப்பிள்ளை, நான் இருக்கிறப்போ உங்களுக்கு என்ன பயம்?”

“அதான் மச்சான். நீங்க இருக்கீங்கன்னுதான் கொஞ்சமாவது கண்ணை மூடுறேன்.”

கடைசி வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, அங்கும் இதே நிலைதான் என்று மேஸ்திரி கூற, அதிகாரியும் அதை ஏற்றுக்கொண்டார். அவர்கள் சென்றபின் குழியில் தேங்கிய மழைநீரை இறைக்கும் இயந்திரம் மீண்டும் இரைந்தது. மேசைமேலிருந்த நீர்க்கிண்ணத்தில் சிறு வளையங்கள் எழுந்து அடங்கின.

தேய்த்த சட்டைகளைச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டச் சென்ற இஸ்திரிக்காரி, கண்ணாடியின்மேல் படிந்த தூசியைக் கண்டு ஈரத்துணியால் துடைத்தாள். துணியின் முனை கண்ணாடிக்கு அடியில் நுழைந்தது. சுவரோடு இறுகியிருக்க வேண்டிய முனை அது. அவள் துணியை மெல்ல இழுத்தாள். அது ஒரு தடையுமின்றி மறுபுறம் வெளிவந்தது. மேலே அப்பியிருந்த சிமெண்டுப் பூச்சு முழுவடிவமாகக் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. அதனடியில் நெகிழித்தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பூச்சு கண்ணாடியைப் பிடிக்காதிருக்கவே அதை வைத்திருந்தார்கள்.

மறுமுனை மட்டுமே சுவரில் ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கண்ணாடியைச் சுவரின் எந்த அசைவும் உடைக்காது.

அப்போதுதான் நிறமும் அவள் கண்ணில் பட்டது. கண்ணாடி இளநீலமாக இருந்தது. பச்சைப் புள்ளி ஒன்றுகூட இல்லை.

“என்னம்மா, அங்கேயே நின்னுட்டே?” என்றான் கணவன்.

“ஒண்ணுமில்லைங்க. அண்ணன் வீடுவரைக்கும் போயிட்டு வரேன்.”

மேஸ்திரியின் வீடு பூட்டியிருந்தது. தாயாருக்கு உடல்நலமில்லை என்று அண்ணி பிள்ளைகளோடு சென்றிருப்பதாக அண்ணன் கூறியிருந்தார். அவள் சன்னல் கதவைத் தள்ளி உள்ளே பார்த்தாள். கட்டில் இல்லை. பீரோ நின்ற இடத்தில் அதன் கால்தடங்கள் நான்கும் வெளிறித் தெரிந்தன. பாத்திர அலமாரி துடைத்துவைத்தாற்போல் வெறுமையாக இருந்தது. பின்சுவரில் அதே விரிசல். ஆனால் உள்ளே விரலை நுழைக்கலாம் போல அகன்றிருந்தது. அதன் இருபுறமும், பச்சைப் புள்ளிகளோடு, அவளுடைய சன்னல் கண்ணாடி இரண்டாக உடைந்து நின்றது. அதை யாரும் மாற்றவில்லை. அங்கே ஏமாற்றுவதற்கு ஒருவரும் இல்லை.

கட்டடத்தின் தகர வாயிலருகே அவள் அண்ணனைக் கூப்பிட்டனுப்பினாள். அவர் கையிலிருந்த சிமெண்டைத் துடைத்தபடி வந்தார்.

“என்ன பாப்பா, வேலை நேரத்துல?”

“அண்ணி எங்கண்ணே?”

“அதான் சொன்னேனே, அவங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போயிருக்கான்னு.”

“பீரோவும் பார்க்கப் போயிருக்கா?”

மேஸ்திரி ஒருமுறை திரும்பி உள்ளே பார்த்தார். வாயிலைவிட்டுச் சற்றுத் தள்ளி வந்து நின்றார்.

“சத்தம் போடாத. இன்னும் ரெண்டே நாள். அடியில கான்கிரீட் விழுந்துட்டா சுவருக்கு முட்டு கிடைச்சிடும். அப்புறம் இடி விழுந்தாலும் அசையாது.”

“என் வீட்டுக் கண்ணாடி எப்ப உடைஞ்சுது?”

அவர் விரலிடுக்கில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டினார்.

“எங்க வீட்டுக்குள்ள வந்து, அவர் தலைமாட்டுல நின்னு, மாத்திட்டுப் போயிருக்க. சுவருக்குப் பூச்சு பார்க்க வந்தேன்னு சொன்னியே, அன்னைக்கா? உனக்கு நான் டீ போட்டுக் கொடுத்தேன்ண்ணே.”

“மாப்பிள்ளையத் தூக்கிட்டு நீ எங்க போவ? சொன்னா பயந்து சாவீங்க, வேறென்ன நடக்கும்? எனக்கு கம்பெனியில ஒரு வீடு கொடுத்தாங்க. பிள்ளைங்கள வச்சிருக்கேன், போனேன்.”

“அந்த வீட்டுல ஒரு கட்டில் போட இடமில்லையா?”

“உன்கிட்ட சொன்னா நீ விசில்கிட்ட சொல்லுவ. அவர் தெருவுக்கே ஊதிடுவார். வேலை நின்னா முதல்ல என் வேலைதான் போகும்.”

அவள் கையிலிருந்த சிமெண்டுப் பூச்சை அவர் கண்டார். அதை வாங்கக் கை நீட்டினார். அவள் கையை மூடிக்கொண்டாள்.

“ஊதட்டும்” என்றாள்.

அவள் சொன்னதைக் கேட்டதும் விசில் முதலில் தம் வீட்டுக்குள் ஓடினார். “என்னோடதும் நீலம்தான்! நானும் தினமும் இதுக்குக் குட்மார்னிங் சொல்லிட்டிருந்தேனே!” என்ற கூச்சல் தெருவரை கேட்டது. திரும்பி வந்தபோது விசில் அவர் வாயிலிருந்தது. எதிர்வீட்டார் இருவர் சேர்ந்து கட்டிலோடு நோயாளியைத் தூக்கினர். கட்டிலின் கால்கள் வாசல்நிலையில் இடித்தன. இஸ்திரி மேசையைப் புரட்டினால்தான் வழி கிடைக்கும் என்றாயிற்று. தேய்த்து அடுக்கிய சட்டைகள் தரையில் சரிந்தன.

“ஏம்மா, துணி! ஊரான் துணி!” என்று அவன் கட்டிலிலிருந்தே கை நீட்டினான்.

“துணி கிடக்கட்டும். நீங்க கைய உள்ள வைங்க.”

அவனைத் தெருவின் மறுபக்கத்தில் இறக்கியபின் விசில் தகர வேலியின் இடைவெளிக்கு ஓடினார். அடியில் ஆட்கள் முழங்கால் நீரில் நின்று கம்பி கட்டிக்கொண்டிருந்தனர். அவர் கன்னம் உப்ப, மூச்சு முட்ட ஊதினார்.

“ஏறுங்கப்பா மேல! சுவர் வருது! பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கிறவன் எல்லாம் ஏறு! இல்லாதவனும் ஏறு!”

பொறியாளர் மேலிருந்து அதட்டினார். எனினும் ஒருவன் கம்பியைப் போட்டுவிட்டு ஏணிக்கு விரைந்தான்; அவனைக் கண்டு மற்றவர்களும் ஏறினர். கடைசி ஆள் கரைமேல் கால் வைத்துச் சற்று நேரத்துக்கெல்லாம், மேஸ்திரியின் வீட்டிலிருந்து தொடங்கி, சுவர் அடியில் வளைந்தது. பின்னர் அமைதியாகவே குழிக்குள் சாய்ந்தது. ஓசை அதற்குப் பிறகுதான் வந்தது. நடுவீட்டின் கூரை முழுதாக இறங்கிற்று. இஸ்திரிக்காரியின் வீட்டில், விரிசல்வரைக்கும் இருந்த பகுதி போயிற்று. விரிசலுக்கு இப்பால் இருந்த பகுதி நின்றது. கட்டில் கிடந்த இடத்தில் வானம் தெரிந்தது. வெள்ளைச் சட்டைகளின் மேல் செங்கல் கிடந்தது.

தூசி அடங்குமுன் அதிகாரி திரும்பி வந்தார். பொறியாளர் அவரை எதிர்கொண்டு, “மழைதான் சார் காரணம். நாங்க முன்னாடியே உஷாராகி ஆளுங்கள மேல ஏத்திட்டோம்” என்றார்.

“நீ ஏத்தினியா? வாய் கூசாமப் பேசுறியே! ஊதி ஊதி என் வாய்தான் வீங்கியிருக்கு!” என்று விசில் பாய்ந்தார். இருவர் அவரைப் பிடித்துக்கொண்டனர். அவருக்கு இனி உட்காரவும் வீடில்லை. தெருவோரக் கல்லில் உட்கார்த்தினர்.

இஸ்திரிக்காரி அதிகாரியின் முன் வந்து கையை விரித்தாள். சிமெண்டுப் பூச்சு நெகிழித்தாளோடு இருந்தது.

“சார், கண்ணாடிய ஒரு பக்கம்தான் ஒட்டியிருந்தாங்க. இது வெறும் கண்துடைப்புக்கு மேல வச்சது. உடைஞ்ச கண்ணாடிய எடுத்துட்டு இதை மாட்டியிருக்காங்க. கடைசி வீட்டுல உடைஞ்சது அப்படியே இருந்துச்சு, என் கண்ணால பார்த்தேன்.”

அதிகாரி கடைசி வீடு இருந்த திசையைப் பார்த்தார். அங்கே சேற்றில் செங்கல் புதைந்து கிடந்தது.

“இது எந்தச் சிமெண்டுக் கட்டியோ, யாருக்கும்மா தெரியும்?” என்றவர், மேஸ்திரியை அழைத்தார். “ஒட்டினது நீதானே? ரெண்டு பக்கமும் ஒட்டினியா?”

மேஸ்திரி தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எதிரே கட்டிலில் படுத்திருந்தவன் தலையைத் தூக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மச்சான்” என்றான் மெல்ல.

“ரெண்டு பக்கமும் ஒட்டினேங்க” என்றார் மேஸ்திரி.

“காலையில நானே பார்த்தேன். உடையலையே?”

“உடையலைங்க.”

அதிகாரி குறித்துக்கொண்டார். மேகம் விலகிச் சாய்ந்த வெயில் எஞ்சிய பாதிச் சுவரின்மேல் விழுந்தது. சுவரின் வெட்டுண்ட விளிம்பில், ஒரு முனையால் மட்டும் பற்றிக்கொண்டு, இளநீலக் கண்ணாடி வெறும்வெளிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மறுமுனையில் சிமெண்டின் கறைகூட இல்லை. மழைநீர் இறைக்கும் இயந்திரத்தை யாரோ மீண்டும் இயக்க, கண்ணாடி மெல்ல அதிர்ந்து மின்னியது, உடையவில்லை. அப்போது மாலை மணி ஐந்து நாற்பது.