மறைத்து வைத்த மூன்று நாட்கள்

காலை ஆறே முக்காலுக்கெல்லாம் பிள்ளைக்காம்பராவின் கதவு திறந்துவிடும். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவையிலிருந்து மேலே ஏறும் பாதையில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் கணக்கில், அதாவது மேல் பிரிவில், இருந்தது அது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏறுவார்கள். கூரைக் கம்பியில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். சுவரோரம் பாய்கள் விரித்திருக்கும். பதினாறு குழந்தைகள் இருந்தன. அவர்களுக்குப் பால் கொடுப்பது, திரிபோஷ என்ற சத்துமாவை உருண்டை பிடித்து ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் ராசம்மாவின் வேலை. பதினொரு வருஷமாக அந்த வேலையைச் செய்கிறாள்.

கொரோனா வந்த பிறகு ராசம்மா கண்டிப்பானவளாக மாறியிருந்தாள். வாசலில் ஒரு பேசின் தண்ணீரும் சவர்க்காரமும் வைத்திருப்பாள். முகக்கவசம் போடாமல் வந்தால் கணக்கப்பிள்ளையின் மனைவியாக இருந்தாலும் படியேற விடமாட்டாள். “எங்கிட்ட இருக்கிறது பதினாறு உசுரு” என்று அடிக்கடி சொல்வாள். அந்தக் கண்டிப்புக்காகவே தாய்மார் அவளை நம்பினார்கள்.

அந்த ஆண்டு ஒக்டோபர் தொடக்கத்தில் குவைத்திலிருந்து கிருஷாந்தி திரும்பி வந்தாள். ஒரு வீட்டில் மூன்று வருஷம் வேலை செய்தவள். அவளுடைய நாலு வயது மகள் யதுஷிகா, தகப்பன் செல்லசாமியோடு கீழ் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தாள். விமானம் இறங்கியதும் கிருஷாந்தியை முகாமுக்குக் கொண்டுபோய்ப் பதினாலு நாள் வைத்திருந்தார்கள். இரண்டு முறை பரிசோதித்தும் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு வீட்டில் இன்னும் பதினாலு நாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எல்லாரும் பி.எச்.ஐ. ஐயா என்று கூப்பிடுகிறவர், தண்ணீர் எடுக்க மட்டும் செல்லசாமி வெளியே வரலாம் என்று சொல்லி, கதவில் ஓர் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார். கிருஷாந்தி வாசலைத் தாண்டவில்லை.

அவள் ஒழுங்காகத்தான் இருந்தாள். ஆனால் எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குச் செல்லசாமி போனாலே பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். அவன் வாளி வைத்த இடத்தில் யாரோ குளோரின் தூளைக் கொட்டினார்கள். கடைசியில், எல்லாரும் எடுத்து முடித்த பிறகுதான் அவன் வரவேண்டும் என்று ஒரு கட்டுப்பாடே போட்டுவிட்டார்கள். அதை முதலில் வாய்விட்டுச் சொன்னவள் ராசம்மா.

இருபத்தெட்டு நாளும் முடிந்து, கதவிலிருந்த அறிவித்தலைக் கிழித்த மறுநாள், கிருஷாந்தி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு வந்தாள்.

“ராசம்மாக்கா, நாளெல்லாம் முடிஞ்சிருச்சு. இது பி.எச்.ஐ. ஐயா குடுத்த கடுதாசி. ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்காரு. நாளையிலேருந்து நானும் வேலைக்குப் பேர் பதியப் போறேன். புள்ளய இங்க விடணும்.”

“கடுதாசிய வச்சு நான் என்னா செய்ய? நோவு கடுதாசி பாத்துட்டா வரும்? ஒன் புள்ளய வீட்டோடயே வச்சுக்க.”

“எத்தன நாளைக்குக்கா?”

“நான் சொல்ற வரைக்கும்.”

வாசலில் நின்ற யதுஷிகா அழத் தொடங்கினாள். கிருஷாந்தி கடிதத்தை மடித்துப் பையில் வைத்து, மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ‘நாம செஞ்சது சரிதான்’ என்று ராசம்மா தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ராசம்மாவின் மகன் வினோஜன் வந்து நின்றான். இருபத்து மூன்று வயது. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் வேலை பார்த்தான். கொழும்பு இருக்கும் மேல் மாகாணத்திலிருந்து யாரும் வெளியே போகக் கூடாது என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அவனோ மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய லொறியில் தார்ப்பாயின் கீழே படுத்து வந்திருந்தான். சோதனைச் சாவடிக்கு முன்னாலேயே இறங்கி, தேயிலை மலைக் குறுக்குப் பாதையில் நடந்து, லயத்தின் பின்பக்கமாக வீட்டுக்குள் நுழைந்தான்.

ராசம்மாவுக்கு முதலில் சந்தோஷம். எட்டு மாதத்துக்குப் பிறகு மகனைப் பார்க்கிறாள். அவன் தலையைத் தடவினாள், மெலிந்துபோனான் என்று வருத்தப்பட்டாள். அதன் பிறகுதான் பயம் வந்தது.

“யாரும் பாத்தாங்களா?”

“இல்லம்மா. கட மூடிட்டாங்க. தங்குற எடத்துலயும் சோறில்ல. வேற எங்க போக?”

“பி.எச்.ஐ. ஐயாவுக்குச் சொல்லணும்டா.”

“சொன்னா நம்ம கதவுலயும் ஒட்டுவாங்க. அப்பறம் நீங்க புள்ளக்காம்பராவுக்குப் போக முடியாது. பீலிக்கும் போக முடியாது.”

ராசம்மா எழுந்து பின்கதவைச் சாத்தினாள். கீழ் லயத்துக் குடும்பம் என்ன பாடுபட்டது என்று அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாட்டைத் தன் வீட்டு வாசலில் நினைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. புருஷன் இறந்த பிறகு மானத்தோடு ஓட்டிய குடும்பம். இருமலோ காய்ச்சலோ அவனுக்கு இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

“பதினாலு நாளு உள்ளயே இரு. ஜன்னலக்கூடத் தொறக்காத” என்றாள்.

திங்கட்கிழமை வழக்கம்போல் பிள்ளைக்காம்பராவைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமையும் திறந்தாள். அன்று பிரியந்தியின் எட்டு மாதக் குழந்தை அழுது அடங்கவில்லை. பால்பல் முளைக்கும் வலி. ராசம்மா முகக்கவசத்தை இறக்கிவிட்டு, குழந்தையின் கன்னத்தோடு கன்னம் வைத்துப் பாடித் தூங்க வைத்தாள்.

அன்று பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தபோது வினோஜன் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பிடிக்குமென்று கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினான்.

“என்னாடா?”

“கருவாட்டு வாசமே தெரியலம்மா. உப்பு ஒறப்பு ஒண்ணுமே தெரியல.”

ராசம்மா அவன் நெற்றியில் கை வைத்தாள். சுட்டது. வினோஜன் தலையைக் குனிந்தபடி மிச்சத்தையும் சொன்னான். கடை மூடியது சும்மா இல்லை. அவனோடு ஒரே அறையில் படுத்த இரண்டு பேரை அம்புலன்சில் ஏற்றிப்போனார்கள். மற்றவர்களைத் தேடி வருவதற்குள் இவன் ஓடிவந்துவிட்டான்.

“பயமா இருந்திச்சும்மா. அங்கேயே செத்துட்டா ஒங்களுக்கு மொகத்தக்கூடக் காட்ட மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

அவள் அவனைத் திட்டவில்லை. பானையிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இரண்டு நாளில் தான் தூக்கிய குழந்தைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை என்பது தெரிந்தது.

புதன்கிழமை காலை தாய்மார் வந்தபோது பிள்ளைக்காம்பரா பூட்டியிருந்தது. ராசம்மா படிக்குக் கீழே, பாதையின் அந்தப் பக்கத்தில், மூக்கும் வாயும் இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். பிரியந்தியின் குழந்தை அவளைக் கண்டதும் சிரித்து, இரண்டு கையையும் நீட்டியது. ராசம்மா பின்னால் நகர்ந்தாள்.

“கிட்ட வராத பிரியந்தி! புள்ளய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ. எல்லாரும் போங்க. யாரும் இன்னைக்கு மலைக்கு ஏறாதீங்க.”

“ஏங்க்கா, என்னா நடந்திச்சு?”

“எம் மவன் ஞாயித்துக்கெழமையே கொழும்புலேருந்து வந்துட்டான். ஒளிச்சு வச்சிருந்தேன். இப்ப காய்ச்சல். வாசம் தெரியலங்கிறான்.”

தாய்மார் பிள்ளைகளை இறுக்கி அணைத்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள். பிரியந்தியின் குரல்தான் மேலே எழுந்தது.

“ரெண்டு நாளா எம் புள்ளய மடியில வச்சிருந்தீங்களே! அப்ப வாய் எங்க போச்சு?”

“ஆத்தாளையும் மவனையும் லயத்த விட்டு வெரட்டணும்” என்றது இன்னொரு குரல். ஒரு ஆள் கல்லைக்கூட எடுத்துவிட்டான்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பேர் பதியப் போய்க்கொண்டிருந்த கிருஷாந்தி அப்போது அந்த வழியாக வந்தாள். சத்தத்தைக் கேட்டு நின்று, விஷயத்தை விசாரித்தாள். கல்லை எடுத்தவனைப் பார்த்து, “வெரட்டுனா எங்க போவாங்க அண்ணே? கீழ பஜாருக்குத்தான் போவாங்க. அங்க இருக்கிறவங்களுக்கும் நோவக் குடுப்பாங்க. அதுவா வேணும்?” என்று கேட்டாள். அவன் கல்லைப் போட்டான். அவள் தன் தொலைபேசியை எடுத்து பி.எச்.ஐ.யை அழைத்தாள். பேசி முடித்துவிட்டு, “அரை மணியில வாறாராம். அவரு வர்ற வரைக்கும் அவங்கவங்க வீட்டுக்குள்ள இருக்கணுமாம்” என்றாள்.

பிறகு நடந்ததெல்லாம் அடுத்தடுத்து நடந்தது. வினோஜனுக்குத் தொற்று உறுதியானது. ராசம்மாவுக்கும் உறுதியானது. பரிசோதித்த குழந்தைகளில் இரண்டு பேருக்கு இருந்தது. அதில் ஒன்று பிரியந்தியின் குழந்தை. அந்த இரண்டு வீட்டுக்கும் நோய் பரவியது. பிரியந்தியின் மாமனார் முத்துலிங்கத்துக்கு ஏற்கெனவே சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மூச்சு வாங்கத் தொடங்கியதும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது நாள் ஒட்சிசன் கொடுத்தார்கள். ராசம்மாவும் அந்தத் தாய்மாரும் இருந்த மேல் லயம் முழுவதையும் நாடா கட்டி மூடினார்கள். அந்த வருஷம் அங்கே யார் வீட்டிலும் தீபாவளிக்குப் பலகாரம் சுடவில்லை.

யதுஷிகா பிள்ளைக்காம்பராவுக்கு வராதவள். அதனால் அந்த வீட்டை மூட வேண்டியிருக்கவில்லை. மூடிய லயத்துக்கு அரிசி, மருந்து, பால்மா எல்லாவற்றையும் நாடா வரைக்கும் சுமந்து வந்தவர்கள் கிருஷாந்தியும் செல்லசாமியும்தான். தண்ணீரையும் கேன்களில் நிரப்பிக் கொண்டுவந்து வைப்பார்கள். வைத்துவிட்டு விலகி நின்று, ஒவ்வொரு வீடாகப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிரியந்தியை மட்டும் கிருஷாந்தி இரண்டு தடவை கூப்பிடுவாள். “புள்ள பால் குடிச்சிச்சா?” என்று கேட்காமல் போகமாட்டாள்.

சிகிச்சை நிலையத்தில் ராசம்மா பதினெட்டு நாள் இருந்தாள். அவளுக்கு இருமல் மட்டும்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் முத்துலிங்கத்தைப் பற்றிய அன்றைய சேதி வரும் வரை சாப்பாட்டுப் பார்சலைத் திறக்காமல் வைத்திருப்பாள். அவர் பிழைத்து வீடு திரும்பினார் என்று கேட்ட அன்றுதான் வாய்விட்டு அழுதாள்.

அவள் திரும்பி வந்த கிழமையில் தோட்டத்து நலன்புரி அதிகாரி தாய்மாரை மருந்துச் சாலை முற்றத்தில் கூட்டினார். ராசம்மாவை மறுபடி வேலைக்கு வைப்பதா, வேறு ஆளைப் போடுவதா என்பதுதான் பேச்சு. ராசம்மா எழுந்து நின்றாள்.

“நான் செஞ்சது மன்னிக்கிற காரியமில்ல. மானம் போயிருமேன்னு பதினாறு புள்ளைங்கள பணயம் வச்சேன். நீங்க என்னா சொன்னாலும் கேட்டுக்கிறேன்” என்றவள், கிருஷாந்தியின் பக்கம் திரும்பினாள். “ஒனக்குச் செஞ்சதுக்கும் சேத்து.”

கிருஷாந்தி உட்கார்ந்தபடியே பேசினாள். அவள் குரலில் கோபம் இல்லை, இனிப்பும் இல்லை.

“எனக்கு மனசு ஆறிருச்சுன்னு நான் சொல்ல மாட்டேன் அக்கா. எம் புள்ள வாசல்ல நின்னு அழுதது இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. ஆனா ஒண்ணு கேக்குறேன், எல்லாருந்தான் சொல்லுங்க. நான் ஒழுங்கா முகாம்ல இருந்து, சொல்லிட்டு, கடுதாசியோட வந்தேன். எனக்குக் கெடச்சது என்னா? அதப் பாத்துட்டுத்தானே இவங்க மவன ஒளிச்சாங்க? ஒளிச்சது ராசம்மாக்கா. ஒளிக்க வச்சது நாம எல்லாரும்.”

 கல்லை எடுத்தவனும் அங்கே இருந்தான். தரையைப் பார்த்தபடி நின்றான். தாய்மாரில் பெரும்பாலானவர்கள் சரியென்று கையை உயர்த்த, ராசம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் பிரியந்தி தன் குழந்தையை ஒரு மாதம் அங்கே விடவில்லை. தங்கை வீட்டில் விட்டுவிட்டு மலைக்குப் போனாள். ராசம்மா அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. யதுஷிகா அடுத்த நாளே வந்தாள்.

மார்கழி நடுவில் ஒரு நாள், கொழும்பிலிருந்து மதுரன் என்ற பையன் பி.எச்.ஐ.க்குத் தொலைபேசியில் பேசினான். முத்துலிங்கத்தின் தங்கை மகன். வேலை போய்விட்டது, ஊருக்கு வரலாமா, எப்படி வரவேண்டும் என்று கேட்டான். சேதி லயத்துக்கு வந்ததும் பழைய பழக்கத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். ராசம்மாவும் கிருஷாந்தியும் கணக்கப்பிள்ளையிடம் போய், ஆளில்லாமல் கிடந்த ஒரு குவாட்டர்ஸின் சாவியைக் கேட்டு வாங்கினார்கள். குணமாகித் திரும்பியிருந்த வினோஜன் அதைக் கூட்டிக் கழுவி, தனியாக ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்தான்.

மதுரன் பகல் வெளிச்சத்தில், பெரிய பாதையிலேயே வந்தான். முதுகில் ஒரு பை. பாதையின் இரு பக்கமும் நின்ற ஆட்களைப் பார்த்ததும் அவன் கால்கள் தயங்கின.

“போ தம்பி, கதவு தொறந்துதான் இருக்கு” என்று தூரத்திலிருந்தே சொன்னாள் ராசம்மா. “சோறு வாசல்ல வச்சிருக்கேன். பதினாலு நாளும் வரும்.”

“ஏசுவாங்கன்னு பயந்துக்கிட்டே வந்தேன் ஆன்ட்டி.”

“சொல்லிட்டு வந்தவன ஏன் ஏசணும்?” என்ற ராசம்மா, பக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கும்படியாகக் குரலை உயர்த்தினாள். “நோவு வந்தது யாரோட குத்தமும் இல்ல. அத மறைக்கிறதுதான் குத்தம். சொல்றவங்கள வெரட்டுறது அதவிடப் பெரிய குத்தம். சொல்லிட்டு வர்றவங்கள நாம தாங்கிக்கிட்டா, ஒளிஞ்சு வர்றவங்க இந்தத் தோட்டத்துல இருக்க மாட்டாங்க.”