மூன்று நாள் இறைத்த கிணறு

"ஏண்டி, படியில ரெண்டு பேரு காலடி இருக்குதே. இன்னொருத்தி யாரு?"

கிணற்று மேட்டில் நின்று ரங்கம்மாள் கேட்டாள். மருமகள் அமிர்தவள்ளி, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையின் கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கிழிந்துபோன புடவை முனையை மடித்துக் காலுக்கு அடியில் மறைத்து வைத்திருந்தாள்.

"துணி தொவைக்க எறங்கினேன் அத்தே. படியில வழுக்கி வுழுந்துட்டேன்."

"நீ வுழுந்தது சரி. அந்தக் காலடி வேலிப் பக்கமா போவுதே, அது யாரோடது?"

அதற்குப் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. வேலிக்கு வெளியே ஆவாரம்பட்டைக் கட்டின் பக்கத்தில் பூவம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவளும் நனைந்திருந்தாள். வலது காதைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

சத்தம் கேட்டு வந்த அமிர்தவள்ளியின் புருஷன் கோதண்டராமன் ஒரு நொடியில் எல்லாம் புரிந்துகொண்டான். அதாவது, புரிந்துகொண்டதாக நினைத்தான். ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றங்கரையில் அந்தக் கோடையில் வற்றாத கிணறு அவனுடையது ஒன்றுதான். அதில் சேரிப் பெண் ஒருத்தி இறங்கிக் குளித்துவிட்டுப் போகிறாள்!

"எவ்ளோ திமிரு இருந்தா என் கெணத்துல எறங்குவ?"

பூவம்மாள் அவனைப் பார்க்கவில்லை. அமிர்தவள்ளியைத்தான் பார்த்தாள்.

"அம்மாவையே கேளுங்க ஆண்டே."

எல்லோரும் அமிர்தவள்ளியைப் பார்த்தார்கள். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள்.

பூவம்மாள் பட்டைக் கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் விரலிடுக்கில் இரத்தம் கசிந்ததை அமிர்தவள்ளி மட்டும் பார்த்தாள்.

நடந்தது என்னவென்று அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அமிர்தவள்ளிக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். குழந்தை இல்லை. கணியம்பாடியில் அப்பா வீட்டுக் கிணற்றில் அவள் மீன்போல நீந்தி வளர்ந்தவள் என்பது தெரிந்த நாளிலிருந்து, ரங்கம்மாளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. தண்ணீரில் ஊறி ஊறிக் கர்ப்பப்பை குளிர்ந்துபோய்விட்டதாம். வேலூர் ஆஸ்பத்திரி லேடி டாக்டர், "நீந்துறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, நீந்தினா இடுப்புவலிகூடக் குறையும், உன் புருஷனையும் ஒரு தடவை வரச் சொல்லு" என்றாள். கோதண்டராமன் போகவில்லை. ஆம்பிளைக்கு இன்னா பரிசோதனை? 'இனி தண்ணியில எறங்கினான்னு தெரிஞ்சா பொறந்த வூட்டுக்கே அனுப்பிடறது' என்று தாயும் மகனும் முடிவு செய்தார்கள். சோளிங்கரில் ஒரு பெண்ணைப் பார்த்தும் வைத்திருந்தார்கள்.

இருந்தும் அவளால் இருக்க முடியவில்லை. வீட்டில் எல்லோரும் உண்டு உறங்கும் உச்சி வெயிலில் துணி மூட்டையோடு வந்து கால்மணி நேரம் நீந்துவாள். தூரமான நாட்கள் முடிந்து வரும் இடுப்புக் கடுப்புக்கு அதைவிட மருந்து இல்லை. ஏறியதும் ஒற்றைக் காலில் குதித்துக் காதுத் தண்ணீரை வெளியேற்றுவாள். ஈர வாடை தெரியாமல் இருக்கத் தலைக்குச் சாம்பிராணி போடுவாள். எல்லாம் கணக்காகத்தான் செய்தாள். ஒன்றைத் தவிர.

அப்பா வீட்டில் புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டுதான் குதிப்பாள். இங்கே யாராவது எட்டிப் பார்த்தால் கெண்டைக்கால் தெரியுமே என்று பயந்து, அத்தனை முழம் ஆரணிக் கட்டப் புடவையையும் கணுக்கால் வரை தொங்கவிட்டபடி இறங்கினாள். மானம் காப்பாற்றத்தான். அன்று அந்தப் புடவையின் கீழ்முனை தண்ணீருக்கு அடியில் படிக்கல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. உதறினாள், துணி இரண்டு கால்களையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. இரண்டு ஆள் ஆழம். கத்த வாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது.

வேலியோரம் பட்டை உரித்துக்கொண்டிருந்த பூவம்மாள் எட்டிப் பார்த்தபோது ஒரு கை மட்டும்தான் தெரிந்தது. பாலாற்றில் வெள்ளம் வந்தால் மிதந்து வரும் விறகைப் பிடிக்கக் குதிக்கும் கூட்டத்தில் பிறந்தவள் அவள். புடவையை வரிந்து சொருகிக்கொண்டு, பட்டைக் கத்தியோடு மேட்டிலிருந்தே குதித்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்ததில் காதில் பட்டென்று அறைந்தது தண்ணீர். அடிவரை போய்த் துணியை அறுத்தாள். கத்தி கை நழுவிப் போயிற்று. அமிர்தவள்ளியின் தலைமயிரைப் பற்றி இழுத்து வந்து படியில் போட்டு, முதுகில் குத்தித் தண்ணீரைக் கக்க வைத்தாள்.

"யாருகிட்டயும் சொல்லாத பூவம்மா, என்ன வச்சிருக்க மாட்டாங்க," என்றுதான் அமிர்தவள்ளி முதலில் சொன்னாள். உயிர் கொடுத்தவளிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

மறுநாளே தீட்டுக் கழிக்கும் வேலை தொடங்கிற்று. ஊற்றுக்கண் தெரியும் வரை கிணற்றை இறைத்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் சுரந்ததும் புரோகிதர் மந்திரம் சொல்லித் தெளிக்க வேண்டும். இரண்டு ஜோடி மாடுகள் பூட்டி இரண்டு கவலைகளும் ஓடின. இத்தனை நாளாகக் கிணற்று வாய்க்காலின் கடைசியில் வழிவதைச் சேரிக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். கோதண்டராமன் அங்கே மண்ணைக் கொட்டி அடைத்து, தண்ணீரை ஆற்று மணலுக்குத் திருப்பச் சொன்னான். சேரிக்காரி தொட்டதால் கெட்ட தண்ணீர் சேரிக்கும் ஆகாது போலிருக்கிறது! இருபது குடும்பத்துக்கும் இனித் தோல் பதனிடும் ஷாப்புக்குக் கீழே சுண்ணாம்புக் கழிவு தேங்கும் குட்டைதான் கதி.

அமிர்தவள்ளி கவலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சமைத்தாள். வந்திருந்த உறவினர்களுக்குப் பரிமாறினாள். ஒவ்வொரு தடவை கவலையின் சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும்போதும், 'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்று சொன்ன தன் குரல் அவள் காதில் விழுந்தது. சொல்லிவிடலாம் என்று நாலு தடவை வாயெடுத்தாள். நாலு தடவையும் சோளிங்கர்ப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள்.

இரண்டாம் நாள் ஒரு சால் கிழிந்துவிட்டது. அது தோல் சால், மாட்டுத்தோல். அதைத் தைக்க ஊரிலேயே ஒரே ஒரு ஆள்தான் உண்டு. பூவம்மாளின் புருஷன் கன்னியப்பன்.

அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. அவன் வேலிக்கு வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்து, நூலை வாயில் வைத்து எச்சிலில் நனைத்து, ஊசியில் கோத்துத் தைத்தான். மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தான்.

அமிர்தவள்ளி வேலிப் பக்கம் போனாள்.

"பூவம்மா எப்படி இருக்கா?"

அவன் தலை நிமிரவில்லை. "காதுல சீழ் ஊத்துதுங்கம்மா. ராத்திரியெல்லாம் ஒரே பேஜாரு. கழுவறதுக்குக்கூட அந்த ஷாப்புத் தண்ணிதான். இன்னும் ஜாஸ்தியாயிடுச்சி."

"உன்கிட்ட... ஏதாச்சும் சொன்னாளா?"

"சொன்னாங்கம்மா. நான்தான் போய்ப் பஞ்சாயத்துல சொல்லலாம்னேன். வேணான்ட்டா. சொன்னா அந்தப் பொண்ண வூட்ல வச்சிருக்க மாட்டாங்கன்னா."

அவன் சாலைத் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றான். ஆள்காரன் அதன்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்தான். அவ்வளவுதான், சுத்தமாகிவிட்டது. மனைவி கை பட்ட தீட்டைப் போக்க, புருஷன் எச்சில் பட்ட சால் கிணற்றுக்குள் இறங்கிற்று. தன்னைப் போன்ற பாவி இந்தத் தாலுக்காவிலேயே இருக்க முடியாது என்று அமிர்தவள்ளிக்குத் தோன்றியது. கொல்லைப்புறம் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் நாள் காலை அடிமண் தெரிந்தது. சேறு வார இறங்கிய ஆள்காரன் கூடையில் ஒரு பட்டைக் கத்தியையும், கல் இடுக்கிலிருந்து உருவிய ஒரு முழம் துணியையும் போட்டு மேலே அனுப்பினான். கூடைக்குப் பக்கத்தில் ரங்கம்மாள்தான் நின்றிருந்தாள். ஆரணிக் கட்டம். போன தீபாவளிக்கு அவளே எடுத்துக் கொடுத்த புடவை. துணி நேராக அறுபட்டிருந்தது.

அவள் அதைச் சட்டென்று இடுப்பில் சொருகினாள். கத்தியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நேரே சமையலறைக்கு வந்தாள்.

"அவதான் உன்னத் தூக்கினாளா?"

அமிர்தவள்ளி தலையசைத்தாள்.

ரங்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகள் கன்னத்தைத் தொட்டாள். அவளுக்கும் பிரியம் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

"உசுரோட இருக்கியே, அது போதும். வெளிய மட்டும் வாயத் தொறக்காத. அவ தொட்டான்னு தெரிஞ்சா உன்ன இந்த வூட்ல வச்சிக்க முடியாது. துணிய அடுப்புல போட்டுடறேன். கத்தியக் குப்பையில பொதைச்சிடு."

துணி எரிந்தது. இனி யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அமிர்தவள்ளி தப்பித்துவிட்டாள். அந்த நிம்மதி வந்தவுடனேதான், அது எத்தனை அசிங்கமான நிம்மதி என்று அவளுக்கு விளங்கிற்று. அவள் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

உச்சிப் பொழுதில் கிணற்று மேட்டில் உறவினர்கள் கூடியிருந்தார்கள். புதுத் தண்ணீர் முழங்கால் அளவு சுரந்திருந்தது. முதல் சால்கள் ஏறி வந்து வாய்க்காலை நிறைத்திருந்தன. புரோகிதர் மாவிலையால் தெளித்துக்கொண்டிருந்தார். அமிர்தவள்ளி கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றாள்.

"பூவம்மா குளிக்க எறங்கல. நான் நீந்தப் போயி முழுகிட்டேன். அவதான் குதிச்சி என் தலமுடியப் புடிச்சி இழுத்தாந்து போட்டா. இது அவ கத்தி. தெரியாதுன்னு நான் சொன்னது பொய்."

மந்திரம் நின்றது.

"உள்ள போடீ!" என்றான் கோதண்டராமன்.

"கெணத்த மூணு நாளு எறச்சீங்க. என்ன இன்னா பண்ணப் போறீங்க? அவ தொட்ட கையாலதான் மூணு நாளா உங்க எல்லாருக்கும் சோறு போட்டேன். நல்லாருக்குன்னு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னீங்களே!"

ஒரு பெரியவர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினார். புரோகிதர் மெல்லச் சொம்பை எடுத்துக்கொண்டு நாலடி பின்னால் நகர்ந்தார்.

அமிர்தவள்ளி குனிந்தாள். அத்தனை பேர் முன்னிலையில் புடவையைத் தூக்கி, கால்களுக்கு நடுவே இழுத்து, இடுப்பில் இறுக்கித் தார்ப்பாய்ச்சினாள். கெண்டைக்கால் தெரிந்தது. தெரியட்டும். வாய்க்காலில் இறங்கி, அதன் வழியாகவே கடைசிவரை நடந்தாள்.

"புடிங்க அவள!" என்று கோதண்டராமன் கத்தினான்.

ஒருவரும் அசையவில்லை. பிடிக்க வேண்டுமானால் தொட வேண்டும். தொட்டால் தீட்டு. கத்தியவனே இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டு, சொந்தக்காரர்கள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான். மூன்று நாளாக அவளோடு ஒரே பாயில் படுத்தவன்தான்!

அவள் கத்தியால் மண் அடைப்பைக் குத்தினாள். கையால் வாரி எறிந்தாள். தண்ணீர் முதலில் ஒரு கயிறு அளவு வழிந்தது. பிறகு அடைப்பு உடைந்து சேரிப் பக்கம் பாய்ந்தது. இனி அவளுக்கு அந்த வீடு இல்லை. கணியம்பாடி அப்பா சேர்த்துக்கொள்வாரா என்பதும் நிச்சயமில்லை.

தண்ணீர் சத்தம் கேட்டுக் குடங்களோடு ஆட்கள் வந்தார்கள். கடைசியில் பூவம்மாள் வந்தாள். காதில் அழுக்குத் துணி அடைத்திருந்தது. அமிர்தவள்ளி கத்தியை நீட்டினாள்.

"என்ன மன்னிச்சிடு பூவம்மா."

பூவம்மாளுக்கு வலது பக்கம் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பி இடது காதைக் காட்டினாள். அமிர்தவள்ளி இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பூவம்மாள் கத்தியை வாங்கிக்கொண்டாள். வரிந்து கட்டிய அந்தப் புடவையை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள்.

"இத அன்னிக்கே இப்பிடிக் கட்டிக்கினு எறங்கியிருந்தா என் காது தப்பிச்சிருக்கும்மா," என்று சொல்லிவிட்டு, குனிந்து குடத்தை வாய்க்காலில் அமிழ்த்தினாள்.