தூங்குகிறவரை எழுப்பாத வீடு

நெய்வேலியில் ஷிஃப்ட்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடக்க வருவதற்கு முன்னால் கிசுகிசுக்க வந்துவிடும். கருப்பசாமி வீட்டிலும் அப்படித்தான். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து அவர் படுத்துவிட்டால் குவார்ட்டர்ஸே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். மனைவி கமலா குக்கரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு விஜயகுமாரியின் அடுப்பில் விசில் விட்டுக்கொண்டு வருவாள். மகள் வளர்மதி எந்த குரூப் படிப்பது, மகன் ராஜ்மோகனை எந்தக் காலேஜில் சேர்ப்பது, மகளை எந்த ஊரில் கட்டிக்கொடுப்பது என்று குடும்பத்தின் பெரிய முடிவுகள் எல்லாம் சமையலறையில் கிசுகிசுப்பாகவே எடுக்கப்பட்டன. எழுந்ததும் காபியோடு சேர்த்து அவருக்குத் தெரிவிக்கப்பட்டன. அவரும் ஏதாவது ஒரு தமாஷ் சொல்லி, காபியைக் குடித்துவிட்டு அடுத்த ஷிஃப்டுக்குப் போய்விடுவார்.

மைன்ஸில் அவர் ஓட்டியது பக்கெட் வீல் என்கிற ராட்சச இயந்திரம். ஒரு மலையைத் தின்று பெல்ட்டில் துப்பும். அதன் இரைச்சலில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. அதனால்தானோ என்னவோ, அவருக்குச் சத்தமாகச் சிரிக்கத் தெரியும், மெதுவாகச் சொல்ல வேண்டியது எதையும் சொல்லத் தெரியாது.

ரிட்டயர் ஆகிவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யக் கொடுத்த அவகாசமும் முடியப் போகிறது. அந்த நிலைமையில்தான் சென்னையிலிருந்து ராஜ்மோகன் மனைவி தேவயானியோடு காரில் வந்து இறங்கி, "எல்லாரும் பாண்டிச்சேரிக்கு டூர் போலாம்ப்பா. பீச்சு, வெள்ளைக்காரன் தெரு எல்லாம் பாத்துட்டு வரலாம்" என்றான்.

நெய்வேலிக்காரர் பாண்டிச்சேரிக்குப் போக இரண்டு காரணங்கள்தான் உண்டு. ஒன்று புட்டி. மற்றது பெரியாஸ்பத்திரி. கடலைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். காரில் ஏறும்போதே விஜயகுமாரி வாசலுக்கு வந்து, "யாருக்கு உடம்பு சரியில்லக்கா?" என்று கமலாவிடம் விசாரித்தாள்.

"எனக்குத்தாம்மா. சந்தோஷம் கூடிப்போச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு" என்றார் கருப்பசாமி. விஜயகுமாரி சிரித்தாள். அவர் எது சொன்னாலும் அந்த பிளாக்கில் சிரிப்பார்கள். அது ஒரு வழக்கம்.

முன் சீட்டில் அவர். பின்னால் புளிசாதத் தூக்கோடு கமலா, ஆறு மாத வயிற்றோடு தேவயானி. வடலூர் தாண்டியதும் கருப்பசாமி கண்ணை மூடிக்கொண்டார். தூக்கம் வந்து அல்ல. மகன் மணல் லாரியை முந்துகிற அழகைக் கண்ணால் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. எப்படியும் போய்ச் சேர வேண்டும் என்று இருந்தால், தெரியாமல் போய்ச் சேர்வதே மரியாதை.

கொஞ்ச நேரம் கழித்து ராஜ்மோகன் குரல், பழைய சமையலறைக் குரல். "தூங்கிட்டாரா?"

தேவயானி முன்னால் எட்டிப் பார்த்தாள். "தூங்கினுதான் இருக்காரு."

கருப்பசாமிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் திறந்து 'பே' என்று பயமுறுத்தலாமா என்று யோசித்தார். அதற்குள் மகன் ஆரம்பித்துவிட்டான்.

"யோசிச்சியாம்மா? அடுத்த மாசமே நீ வந்துட்டீன்னா நல்லது. தேவிக்கு அம்மா இருந்தா உன்னைக் கேப்பேனா? குழந்தை பள்ளிக்கூடம் போற வரைக்கும் நீ எங்களோட இருந்துரு."

"அப்பா?"

"அக்காகிட்டப் பேசிட்டேன். திருப்பூர்ல அவ வீட்டு மாடியில ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு."

கருப்பசாமிக்குச் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"அவரும் நம்மளோடவே இருந்தா என்னடா?"

"எங்கம்மா? இருக்கறது ஒரு பெட்ரூம். பகல்ல தூங்குறாரு, ராத்திரில ஹால்ல நடந்துகிட்டே இருக்காரு. ரிட்டயராயும் அந்த உடம்பு ஷிஃப்டை விடல. தேவி பகல்ல வீட்டுல உக்காந்து ஆபீஸ் கால் பேசணும். கைக்குழந்தையைக் கிசுகிசுன்னு அழச் சொல்ல முடியுமா?"

தேவயானி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மாமா அப்பப்ப வந்துட்டுப் போவட்டும் அத்தை. எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. வேற வழி தெரியல."

கார் அப்போது குறிஞ்சிப்பாடியைத் தாண்டிக்கொண்டிருந்தது. அது தேவயானியின் ஊர். அவள் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது என்று கருப்பசாமி மூடிய கண்ணோடு ஒப்புக்கொண்டார். மகனையும் முடியாது. அவன் சொன்ன கணக்கில் ஒரு தப்பும் இல்லை. யாராவது ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

"உங்கப்பா என்ன சொல்லுவாரோ" என்றாள் கமலா.

"என்னிக்கும்மா அவரு மாட்டேன்னாரு? நீ சரின்னா அவரும் சரிம்பாரு."

"அவரு ஒரு வார்த்தை வேணாம்னு சொன்னா நான் வரமாட்டேன்." கமலா இதைக் கிசுகிசுக்கவில்லை. நல்ல குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"மெதுவாம்மா, எழுந்துடப் போறாரு."

எழுந்திருக்க வேண்டிய இடம் அதுதான். கருப்பசாமிக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் ஒரு மனிதன் தூங்குவதாக நடிக்க ஆரம்பித்த பிறகு எழுந்திருப்பது லேசில்லை. திடீரென்று கண்ணைத் திறந்தால் இவ்வளவு நேரம் ஒட்டுக்கேட்டதாக ஆகிவிடும். கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்தால் கொட்டாவியோடு சொல்லக்கூடிய விஷயமா இது? அவர் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே வலது கால் மரத்துப்போனது. குள்ளஞ்சாவடி டீக்கடையில் நிறுத்தலாமா என்று தேவயானி கேட்டாள். "அப்பா தூங்குறாரே" என்று ராஜ்மோகன் நிறுத்தாமல் போனான். கருப்பசாமிக்கு அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது.

கடலூர் தாண்டி ஆற்றுப் பாலத்தில் அவர் மிகச் சிறப்பாக விழித்தார். "வந்தாச்சா? அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்கிட்டேன்" என்றார். கமலா ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றில் தண்ணீர் அதிகம் இல்லை.

பாண்டிச்சேரி அன்று மப்பும் மந்தாரமுமாக இருந்தது. மஞ்சள் சுவர்கள், சுவரைத் தாண்டி எட்டிப் பார்க்கிற காகிதப்பூ, பிரெஞ்சில் எழுதிய தெருப்பலகைகள். தேவயானி ஒரு நீலக் கதவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். "இந்த வீட்டுக்காரனும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டுப் போனவன்தான். ஆனா அவகாசம் நம்மளைவிட நெறைய வாங்கிட்டான்" என்றார் கருப்பசாமி. எல்லோரும் சிரித்தார்கள். கமலா அந்த வீட்டின் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வழியெல்லாம் அவர் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே நடந்தார். 'கமலா இல்லாம என்னால இருக்க முடியாது.' சின்ன வாக்கியம்தான். ஆனால் இந்த மாதிரி ஒன்றை அவர் வாழ்நாளில் சொன்னது கிடையாது. பெண் பார்த்த அன்றுகூட, காபியில் சர்க்கரை கம்மி என்றுதான் சொல்லியிருந்தார்.

கடற்கரைச் சாலையில், கருங்கற்களைப் பார்த்த மாதிரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அலை வந்து கல்லில் மோதித் திரும்பியது. "இதைத் தோண்ட எத்தனை ஷிஃப்ட் ஆகும்?" என்று கருப்பசாமி சொல்லி முடிப்பதற்குள் ராஜ்மோகன் தொண்டையைக் கனைத்தான்.

"அப்பா, ஒண்ணு பேசணும்." பிறகு எல்லாவற்றையும் சொன்னான். காரில் சொன்னதைவிட அழகாக, சுற்றி வளைத்து, திருப்பூர் மாடி ரூமில் காற்று நன்றாக வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னான். சொல்லும்போது அவன் கை பேண்ட் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தது. சின்ன வயதில் மார்க் ஷீட்டை நீட்டும்போது இப்படித்தான் செய்வான்.

மகனுக்குக் கஷ்டமாக இருக்கிறதே என்று கருப்பசாமிக்கு இரக்கமாகிவிட்டது. அந்த இரக்கம்தான் காரியத்தைக் கெடுத்தது. தயாராக இருந்த வாக்கியத்தைத் தள்ளிக்கொண்டு வேறொன்று முந்தி வெளியே வந்துவிட்டது.

"எனக்கென்னடா, திருப்பூர்ல ஆயுசுக்கும் பனியன் சும்மா கெடைக்கும்."

ராஜ்மோகன் பெரிதாகச் சிரித்தான். சுமை இறங்கிய சிரிப்பு. தேவயானியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கமலா மட்டும் கேட்டாள். "அவ்ளோதானா?"

"வேற என்ன? உங்கம்மாகிட்டேர்ந்து எனக்கு லாங் லீவ் சாங்ஷன் ஆயிடுச்சுடா." ஓட ஆரம்பித்த பெல்ட்டை நடுவில் நிறுத்த முடியாது. அது கொட்டிக்கொண்டே போகும்.

"சரி, நான் வர்றேன்" என்றாள் கமலா மகனிடம்.

மத்தியானம் வீராம்பட்டினத்தில் மணல் இருக்கிற கடற்கரைக்குப் போனார்கள். படகு நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டார்கள். கமலா கையைக் கழுவிக்கொண்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி அலை வரைக்கும் போய் நின்றாள். கருப்பசாமி பின்னாலேயே போனார்.

"என்ன கமலா, தண்ணி சில்லுனு இருக்கா?"

"நீங்க வண்டியில தூங்கல."

அவர் கடலைப் பார்த்தார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க தூக்கத்துக்குக் காவல் இருந்திருக்கேன். எது தூங்குற மூச்சு, எது தூங்காத மூச்சுன்னு எனக்குத் தெரியாதா? உங்க காதுல விழணும்னுதான் சத்தமாச் சொன்னேன். விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"சரி, வண்டியில சங்கடப்படுறாரு, பீச்சுல சொல்லுவாருன்னு பாத்தேன். பனியன்ங்கறீங்க."

"தமாஷுக்குச் சொன்னேன்."

"தெரியும்ங்க. எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? கேக்குறவனுக்கு அது சரின்னுதானே கேக்கும்?" அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். "நானே வேணாம்னு சொல்லியிருக்கலாம். அம்மா இல்லாத புள்ளை, மாசமா இருக்கு, அது மூஞ்சியப் பாத்து நான் எப்படிச் சொல்றது? நீங்க சொன்னாத்தான் உண்டு. அதான் உங்களை நம்பி இருந்தேன்."

கருப்பசாமி திரும்பி நடந்தார். மணலில் வேகமாக நடக்க வராது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. படகுக்குப் பக்கத்தில் ராஜ்மோகன் போனில் இருந்தான். "ஜம்முனு சரின்னுட்டாருக்கா. பனியன் சும்மா கெடைக்கும்ங்கறாரு. மாமாகிட்டச் சொல்லு, அத்தைகிட்டயும் சொல்லிடு."

"டேய், நான் போகல" என்றார் கருப்பசாமி.

ராஜ்மோகன் சிரித்தான். "அக்கா, இப்பப் போகலையாம்."

"நெஜமாத்தான்டா. உங்கம்மா இல்லாம நான் எங்கேயும் போகல."

"ஐயோ மாமா, நீங்க வேற" என்று தேவயானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போனுக்குள்ளிருந்து வளர்மதியின் சிரிப்பும் கேட்டது. அவரும் பழக்கதோஷத்தில் கொஞ்சம் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு எதைச் சொல்லி என்ன?

திரும்பி வரும்போது அவர் கண்ணை மூடவே இல்லை. லாரிகள் வந்தன, போயின. கடலூர் தாண்டியதும் மறுபடி சொன்னார். இந்தத் தடவை குரல் நடுவில் ஓரிடத்தில் உடைந்தது.

ராஜ்மோகன் அவர் முகத்தைப் பார்த்தான். காரை ஒரு புளியமரத்து ஓரமாக நிறுத்தினான். "இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

"வரலைடா."

"அக்கா அவங்க மாமியார் வரைக்கும் பேசி முடிச்சுட்டா. இங்க தேவிக்கு லீவ் கெடைக்காது. நான் எங்க போய் ரெண்டு பெட்ரூம் பாக்கறது?" ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். பின்னால் தேவயானி அழுகிற சத்தம் கேட்டது. "பாக்கலாம்ப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ஊட்டிக்கும் குற்றாலத்துக்கும் போகலாமா என்று கேட்டபோதெல்லாம் கருப்பசாமி சொல்லி வந்த பதில் அந்த 'பாக்கலாம்'தான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

வடலூர் வந்தது. பிறகு பின் சீட்டிலிருந்து கமலா, "நாளைக்குப் பாத்திரம் பிரிக்கணும். சென்னைக்குத் தனி மூட்டை, திருப்பூருக்குத் தனி மூட்டை. உங்களுக்கு எந்த டம்ளர் எடுத்து வைக்க?" என்றாள்.

ஒரு தமாஷ் வந்தது. நல்ல தமாஷ்தான். கருப்பசாமி அதைச் சொல்லவில்லை.

"நீ குடிக்கிறதைக் குடு" என்றார்.