பத்துக் கோடியில் ஒரு பங்கு

நாகசுப்பிரமணியனுக்கு எதையும் சாமி காலடியில் வைத்து எடுத்தால்தான் மனசு அடங்கும். கல்யாணப் பத்திரிகை, வண்டிச் சாவி, மகனின் ஹால் டிக்கெட் எல்லாம் அப்படிப் போய் வந்தவைதான். மதுரையில் தலைமுறை தலைமுறையாகச் சேலை விற்ற சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் அரிசி ஏற்றுமதியில் இறங்குகிறவர், பெருமாளைக் கூட்டுச் சேர்க்காமல் இறங்குவாரா?

ஜெர்மனிக்காரர்கள் கேட்டது பூச்சிமருந்து படாத சிவப்பரிசி. படாத என்றால் சும்மா பேச்சுக்கு இல்லை. பத்துக் கோடிப் பங்கு அரிசியில் ஒரு பங்குக்கு மேல் மருந்து இருந்தால் கப்பலேற்றக் கூடாது. இதைக் கேட்டதும், பரவைக்கு மேற்கே வயல் வைத்திருக்கும் கருப்பு சிரித்துவிட்டார்.

"அம்புட்டு நுணுக்கமா பாப்பாய்ங்களா அண்ணே? அவய்ங்க சோறு திங்கிறாய்ங்களா, எண்ணிக்கிட்டே இருக்காய்ங்களா?"

சிரித்தாலும், மருந்து அடிப்பதில்லை என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இலைச்சுருட்டுப் புழு வந்து கால்வாசிப் பயிரைத் தின்றபோதும் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தவிர எதையும் தொடவில்லை. பக்கத்து வயல்காரர் கண்ணுச்சாமி, கருப்பின் மனைவி சோணையம்மாளுக்கு அண்ணன். அவர் மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பில் நின்று, "ஒரே ஒரு டேங்க் அடிச்சாத் தீந்துச்சு மாப்ள" என்று ஆசை காட்டினார். கருப்பு மசியவில்லை.

அறுவடை முடிந்து நெல் அரிசியாகி, அதில் ஒரு பை ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அரிசியில் மருந்து இருக்கிறது, அனுமதித்ததைப் போல் நாற்பது மடங்கு என்று பதில் வந்தது.

நாகசுப்பிரமணியன் உடனே கருப்பைக் கூப்பிடச் செல்போனை எடுத்தார்.

"அடிக்கலேன்னு அடிச்சுச் சொன்னீங்களே அண்ணே!"

"சத்தியமா அடிக்கலண்ணே."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

கருப்பு போனை வைத்துவிட்டார்.

ஜெர்மனிக்காரர்கள் பொறுமைசாலிகள். இன்னொரு பை அரிசி அனுப்பிப் பாருங்கள் என்றார்கள். நாகசுப்பிரமணியனே குடோனில் மூட்டையைப் பிரித்து எடுத்து வந்தார். போன தடவையும் ஒரு ராத்திரி சாமிக்கு முன்னால் வைத்துத்தான் அனுப்பியிருந்தார். அது போதவில்லை போலிருக்கிறது என்று, இந்தத் தடவை பித்தளைப் படியில் கோபுரமாகக் குவித்து, இரண்டு ராத்திரிக்கு ஏற்பாடு செய்தார்.

காலையில் கும்பிடப் போனவர் சாமி ரூம் வாசலிலேயே நின்றுவிட்டார். மனைவி ராதாமணி குனிந்து, படியைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கோடு முடிந்ததும் படியின் விளிம்பிலும் அழுத்தி ஒரு தேய் தேய்த்தார். தூள் அரிசியின் மேல் உதிர்ந்தது.

"என்ன கோலம் இது?" என்று தங்கள் பாஷையில் கேட்டார்.

"எறும்பு மருந்து சாக்பீஸ். பிரசாதம் வைக்கிற இடம், மொய்க்காதா? போன தடவையும் போட்டேனே, ஒரு எறும்பு அண்டலையே!" ராதாமணியின் குரலில் பெருமை.

பத்துக் கோடியில் ஒரு பங்குக்கே பல தேசத்து அதிகாரிகள் பயந்துகொண்டிருக்க, அவர் வீட்டுப் பெருமாள் நாற்பது மடங்கைப் பக்கத்திலிருந்து மேற்பார்வை பார்த்திருக்கிறார்.

கருப்பின் ஊருக்குப் போக ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி வழிநெடுக யோசித்தார். மெஷின் தப்பு என்று சொல்லிவிடலாம். மெஷின் எதிர்த்துப் பேசாது. அப்படி நினைத்ததே அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் இறங்கும்வரை அதைக் கைவிடவில்லை.

"வாங்கண்ணே" என்றார் கருப்பு, சுரத்தே இல்லாமல். இவர் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். "நானே யோசிச்சுப் பாத்தேன். மச்சான் அடிச்ச மருந்து காத்துல நம்ம வயலுக்கு வந்திருக்கு. அவரைத் தடுக்காம விட்டது என் தப்புதேன். நீங்க வேற ஆள்கிட்ட அரிசி வாங்கிக்கங்க."

தலையை ஆட்டினால் போதும், எல்லாம் அதோடு முடிந்துவிடும். நாகசுப்பிரமணியன் ஆட்டத்தான் தொடங்கினார். ஆனால் ஒரு தப்பும் செய்யாத மனிதர் அப்படித் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை.

"உங்க வயல்ல இல்லண்ணே. எங்க சாமி ரூம்ல" என்று ஆரம்பித்து, சாக்பீஸ் வரைக்கும் சொல்லி முடித்தார்.

கருப்பு சிரிப்பார் என்று பார்த்தார். அவரோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் மருந்து அடிக்கலண்ணே. ஆனா நேத்து மச்சானை அடிச்சுப்புட்டேன்."

உள்ளேயிருந்து சோணையம்மாள் வந்தார். "எங்கண்ணனுக்குக் கன்னம் வீங்கிக் கெடக்கு. ரெண்டு பேரும் போய் உள்ளதைச் சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறந்தேன் இந்த வீட்டுல காபித்தண்ணி."

போனார்கள். கண்ணுச்சாமி ஒரு பக்கம் வீங்கிய முகத்தோடு கட்டிலில் உட்கார்ந்து முழுக்கதையையும் கேட்டார். கேட்டு முடித்து மெதுவாக எழுந்தார்.

"அது சரி. வாங்குனதைத் திருப்பிக் குடுக்கணும்ல? மாப்ளைக்குக் குடுக்கவா, சாக்பீசுக்காரருக்குக் குடுக்கவா?"

கருப்பு பதில் சொல்வதற்குள், நாகசுப்பிரமணியன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார்.