ஐந்தாம் மாடிக் கதவு

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பத்து தடவை’ என்றால்தான் தெரியும். ஒரு திருகை முடுக்கிவிட்டுப் பத்து தடவை தொட்டுப் பார்ப்பவர் என்று யாரோ கிண்டலாக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்தச் சனிக்கிழமை பெருமைக்குக் கூடுதல் காரணம் இருந்தது. பதினைந்து வருடம் ஒரு பிழைகூட இல்லாமல் வேலை பார்த்ததற்காகக் கம்பெனி அவருக்குக் கேடயம் கொடுக்கப் போகிறது. காலையில் ஒரு பழைய எட்டு மாடிக் கட்டடத்தில் வேலையாக இருந்தபோதுதான் மேனேஜர் போனில் சொன்னார். சாயங்காலம் நாலு மணிக்கு விழா. மூன்றரைக்கு மனைவி ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் புதுச்சட்டையில் அவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

“மைக்ல என்ன பேசப் போறீங்க?” என்றாள் மனைவி. தையல் சொல்லிக்கொடுப்பவள், முப்பது பெண்களை ஒரே அதட்டலில் அடக்குகிற குரல்.

“நன்றின்னு சொல்லிட்டு இறங்கிருவேன்.”

“என்னைப் பத்தி ஒரு வார்த்தை?”

அவர் சிரித்தபடி வேர்வையைத் துடைக்கக் காலையில் போட்டிருந்த அதே கால்சட்டையின் பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தார். கூடவே ஏதோ சில்லென்று உள்ளங்கையில் விழுந்தது. பார்த்தார். ஒரு திருகு.

காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது. ஐந்தாம் மாடிக் கதவின் பூட்டைச் சுத்தம் செய்யத் திருகைக் கழற்றினார். பையில் போட்டார். அந்த நேரம் பார்த்து மேனேஜரின் போன் வந்தது. கேடயம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தரையில் கால் பாவவில்லை. பூட்டை மூடினார், கிளம்பினார். பத்து தடவை வேண்டாம், ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

“வண்டியத் திருப்பு!”

“எதுக்கு?”

“இந்தத் திருகு இல்லாம அந்தக் கதவுப் பூட்டு நிக்காதும்மா. லிஃப்ட் வராமலே கதவு திறந்துக்கும். உள்ள அஞ்சு மாடிப் பள்ளம்!”

அவள் பிரேக்கை அழுத்தினாள். நடுரோட்டில் வண்டியை ஒடித்துத் திருப்பினாள். பின்னால் வந்த லாரிக்காரன் தலையை வெளியே நீட்டித் திட்டியது எதுவும் அவர்கள் காதில் ஏறவில்லை. அவர் கட்டடத்துக் காவலாளிக்குப் போன் போட்டார். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எந்தப் பிறவியில் செய்த பாவமோ, மூன்று சிக்னலும் சிவப்பு.

“யாராவது விழுந்திருந்தா?” என்றார்.

“வாயக் கழுவுங்க. பிடிச்சுக்கோங்க கெட்டியா!”

கட்டட வாசலில் வண்டி நிற்பதற்குள் குதித்தார். காவலாளி இல்லை. லிஃப்ட் ஏழாவது மாடியில் நிற்பதாக விளக்கு காட்டியது. கீழே யாரையும் கதவைத் தொட விடாதே என்று மனைவியிடம் கத்திவிட்டுப் படியேறினார். இரண்டிரண்டு படியாகத் தாவினார். மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கியது. நாலாவதில் நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. ஐந்தாம் மாடித் திருப்பத்தில் நிமிர்ந்து பார்த்தார்.

ஒரு பெண்மணி கனமான அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்துபோனாள். லிஃப்ட் கதவை ஏற்கெனவே திறந்து, ஒரு தோளால் தாங்கிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் இருட்டு. இன்னும் ஒரே ஒரு அடி.

கத்தினால் பயந்து பின்னால் சாய்வாள். அவர் கத்தவில்லை. பாய்ந்து பெட்டியின் மறுமுனையைப் பிடித்து முழுப் பலத்தோடு தன் பக்கம் இழுத்தார். பெட்டியை விட மனமில்லாத அந்த அம்மாள் பெட்டியோடு சேர்ந்து வந்து குப்புற விழுந்தாள்.

“திருடன்! திருடன்!”

“அம்மா, பின்னால பாருங்க!”

பார்த்தாள். கம்பி வடம் மட்டும் இருட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “சாமி மாதிரி வந்தீங்களே!” என்று அழுதாள். அவர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வீட்டுக் கதவுகள் திறந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி, ஆளாளுக்குப் பேசி, அவளைத் தாங்கிப்பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போயிருந்த காவலாளியை இறக்கி, மின்சாரத்தை நிறுத்தி, திருகைப் பொருத்தி, எட்டு மாடிக் கதவுகளையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார். புதுச்சட்டையில் கிரீஸ் அப்பியிருந்தது.

விழா மண்டபத்துக்குள் ஒரு மணி நேரம் தாமதமாகக் காலெடுத்து வைத்ததும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மேனேஜர் மைக்கில் முழங்கினார்: “இப்பத்தான் போன் வந்துச்சு! ஐந்தாம் மாடி அம்மாவே காவலாளிகிட்ட நம்பர் வாங்கிப் பேசினாங்க. பரிசு வாங்க வர்ற வழியில ஒரு உயிரைக் காப்பாத்திட்டு வந்திருக்கார் நம்ம பத்து தடவை!”

ஆட்கள் அவரைத் தள்ளிக்கொண்டே போய் மேடையில் ஏற்றினார்கள். கேடயம் கைக்கு வந்தது. அழகாகத்தான் இருந்தது. ஒரு நன்றி சொல்லி இறங்கிவிட்டால் போதும், காலத்துக்கும் கதாநாயகன். திருகு எங்கிருந்தது என்று கேட்க ஒருவரும் இல்லை. கூட்டத்தில் மனைவியைத் தேடினார். அவள் கைதட்டவில்லை. தலையை மட்டும் ஒருமுறை ஆட்டினாள். சொல்லுங்க என்றும் எடுத்துக்கொள்ளலாம், உங்க இஷ்டம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

“அந்தத் திருகைக் கழட்டிட்டு மறந்தது நான்தான்,” என்றார் மைக்கில். “பரிசு கிடைக்கப் போற சந்தோஷத்துல மறந்துட்டேன். அந்தம்மா செத்திருந்தா நான்தான் கொன்னிருப்பேன்.”

மேனேஜரின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது. கேடயத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் மேடையிலிருந்து இறங்கினார். வெளியே வருவதற்குள், விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வண்டி நிறுத்துமிடத்தில் மனைவி கேட்டாள்: “எப்படி இருக்கு?”

“பறக்கற மாதிரி இருக்கு,” என்றார். சொல்லிவிட்டு அவருக்கே ஆச்சரியம். வேலை போகலாம், மானம் போயாயிற்று. ஆனாலும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி உடம்பு துள்ளியது.

“என்னைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை சொல்லல,” என்றபடி அவள் வண்டியை உதைத்துக் கிளப்பினாள்.

மறுநாள் ஐந்தாம் மாடிக்குப் போய் அந்த அம்மாளிடமும் நடந்ததைச் சொன்னார். அவள் பத்து நிமிடம் வாயில் வந்தபடி திட்டினாள். எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டார். திட்டி முடித்து, “தண்ணி குடிக்கறீங்களா?” என்றாள்.

திங்கட்கிழமை காலை வாசலில் ஒரு மீசைக்காரன் நின்றான். அதே கம்பெனி மெக்கானிக். எட்டு வருடமாக அவரோடு சரியாக முகம் கொடுத்துப் பேசாதவன்.

“அண்ணே, ஒரு துணிக்கடை லிஃப்டுல பிரேக்கு சரியா வெச்சேனான்னு மூணு வாரமா சந்தேகம். தூக்கமே இல்ல.”

“மூணு வாரமா? ஏன்டா சொல்லல?”

“யார்கிட்டச் சொல்றது? நீங்க தப்பே பண்ணாத மனுசன். உங்க முன்னாடி வந்து நிக்கவே கூசும்.”

அவருக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருடம் தான் சுத்தமாக இருந்தோம் என்று நினைத்தாரே, அந்தச் சுத்தத்துக்குப் பயந்து எத்தனை பேர் எத்தனை சந்தேகத்தை விழுங்கினார்களோ! நல்லவனாக இருப்பது என்றால் கறைபடாமல் இருப்பது என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தார். பக்கத்தில் வந்து நிற்க ஒருவனுக்குக்கூடத் தைரியம் தராத நல்லதனம் யாருக்கு உதவும்?

“கடை எத்தனை மணிக்குத் திறப்பான்?”

“பத்துக்கு.”

“ஒன்பதரைக்குள்ள போயிரலாம். கடைக்காரன்கிட்டச் சொல்லி, ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி நாலு தடவை ஏத்தி இறக்கிப் பாத்துரலாம். கம்பெனி என்னை எந்த லிஃப்டையும் தொடக் கூடாதுன்னிருக்கு. கை உன்னோடது, கண்ணு என்னோடது. மேனேஜருக்கும் நீயே போன் போட்டுச் சொல்லிரு, இப்பவே.”

மீசைக்காரன் முகம் வெளிறியது. ஆனாலும் போனை எடுத்தான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே உள்ளே பார்த்துக் கூவினார்: “நான் வர மத்தியானம் ஆகும்!”

“சாப்பிட்டுப் போங்க!” என்று உள்ளிருந்து வந்த குரல், அவர்கள் தெருமுனையைத் தாண்டிய பிறகும் கேட்டது.