மாலை போட்ட கீபோர்டு

அம்பத்தூர் தலைமை அலுவலகத்தில் கீபோர்டுக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார் உதயகுமார். ரத்தப் பரிசோதனை நிறுவனம் ஒன்றின் ‘தானியங்கி மாற்றத் துறை’த் தலைவர். துறையில் அவருக்குக் கீழே ரேகா ஒருத்திதான். எல்லாக் கிளைகளின் சர்வர்களிலும் ஒரே தட்டில் பழைய கோப்புகளை அழிக்கும் ஸ்கிரிப்டை அவரே எழுதியிருந்தார். கற்பூரம் அணைந்ததும் சேர்மன் என்டரைத் தட்டினார். கைதட்டல்.

ஆவடிக் கிளை முடிந்தது. பெருமைக்காகச் சுவர்த் திரையில் காட்டியிருந்த ஸ்கிரிப்டை ரேகா அப்போதுதான் படித்தாள். ‘பழையவை’ ஃபோல்டருக்குள் போ, இருப்பதையெல்லாம் அழி. ஃபோல்டரே இல்லாவிட்டால்? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நின்ற இடத்திலேயே அழிக்கும். நின்ற இடத்தில் இருப்பவை நோயாளிகளின் ரிப்போர்ட்டுகள்.

“சார், பூந்தமல்லி சர்வர் புதுசு. அதுல அந்த ஃபோல்டரே கிடையாது. நிறுத்துங்க.”

“நல்ல காரியத்துல அபசகுனமா பேசாதீங்கம்மா,” என்றார் உதயகுமார், சேர்மனைப் பார்த்துச் சிரித்தபடியே.

“பேக்கப்பும் இல்ல சார்.”

“அது அடுத்த குவார்ட்டர் பிளான்ல இருக்கு.”

திருவேற்காடு முடிந்தது. அடுத்து பாரிவாக்கம், அதற்கடுத்து பூந்தமல்லி. ரேகா பின்வரிசைக்குப் போய்ப் பூந்தமல்லிக் கிளையின் சம்பத்தைப் போனில் பிடித்தாள்.

“சம்பத், சர்வரோட நெட் ஒயரைப் பிடுங்குங்க.”

“இன்னாக்கா, ரிப்போர்ட்டுக்கு ஜனம் குந்திகினு கீது. என்னியதான் கடிப்பாங்க.”

“கடிக்கட்டும். பிடுங்குங்க.”

“நீல ஒயரா, மஞ்சாவா?”

பாரிவாக்கம் முடிந்தது.

“ரெண்டையும்.”

திரையில் வந்தது: ‘பூந்தமல்லி: இணைப்பு இல்லை. மீண்டும் முயல்கிறது.’ சேர்மனின் புருவம் உயர்ந்தது.

“கிடைக்கிற வரைக்கும் விடாது சார்,” என்றார் உதயகுமார். அந்த ஒரு வரியை மட்டும் அவர் சரியாக எழுதியிருந்தார்.

போனில் கூச்சல். “அக்கா, பெரிசு ஒண்ணு சட்டையப் புட்ச்சிகினு கீது. சொருகிடறேங்கா.”

ரேகா முன்னால் ஓடினாள். குறுக்கே நின்ற உதயகுமாரைத் தள்ளிக்கொண்டு, மாலைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினாள். சாமந்தி பிய்ந்து சேர்மனின் ஷூவில் விழுந்தது. ஸ்கிரிப்டின் ஓட்டம் நின்றது.

“என்னய்யா ஆச்சு?” என்றார் சேர்மன்.

உதயகுமார் தொண்டையைச் செருமினார். “ஆபத்துன்னு தெரிஞ்சா நிறுத்திடற மாதிரி வசதி வெச்சிருக்கோம் சார்.”

சேர்மன் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். ரேகா போனைக் காதில் வைத்தாள்.

“இப்ப சொருகுங்க, சம்பத்.”

“அப்பவே சொருகிட்டேங்கா.”

“ரிப்போர்ட்டு?”

“இருங்க.” மெஷின் உறுமும் சத்தம் கேட்டது. “பிரிண்ட்டு வந்துகினு கீது. பெரிசு சட்டைய வுட்டுட்ச்சி.”