சுட்டும் விளியும்

சிற்றாலயத்தில் எண்பது தலைகள் குனிந்திருக்கின்றன, அத்தனையும் சலோமிக்காக, அவள் மட்டும் கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறாள், முன்வரிசையில் திருமண்டலத்து ஆயர் ஐயா, அவர் பரிந்துரைத்தால்தான் இந்த வருடம் அவளுக்குக் குருப்பட்டம், அவரும் குனிந்திருக்கிறார், ஆண்டவரே, அந்த மகளுடைய அவிசுவாசத்தை நீக்கும் என்று யாரோ உருகுகிறார்கள், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவளைப் போய் அந்த மகள் என்கிறார்களே, கிரேக்க வகுப்பாயிருந்தால் ஐசக் சார் சாக்பீஸைக் கீழே வைத்திருப்பார், கிட்டே இருந்தால் ஹூட்டோஸ், இந்த, எட்ட இருந்தால் எக்கெய்நோஸ், அந்த, இதிலென்ன குழப்பம் என்பார், குழப்பமெல்லாம் பியூலாவுக்குத்தான், இருவருக்கும் ஒரே அறை, ஒரே ஊர்ப்பக்கம், ஒருத்தியை ஒருத்தி ஊர்வழக்கப்படி ஏட்டி என்றுதான் கூப்பிடுவார்கள், இறையியல் கல்லூரியில் இரண்டிரண்டு பேராக ஜெபத்துணை பிரித்தபோதும் அவளே வந்து வாய்த்தாள், சுட்டுப்பெயரின் இருபத்துநாலு உருவமும் மண்டையில் ஏறவில்லை என்று அழுவாள், துவைக்கிற கல்லில் உட்காரவைத்து, இந்த வாளி, அந்தக் கொடி, அந்தக் கொடியில் தொங்கும் உன் பாவாடை என்று கையைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுப்பாள் சலோமி, விளிவேற்றுமை நடத்திய வாரம் ஒரே கூத்து, குளியலறையிலிருந்து ஒருத்தி ஓ அதெல்ஃபே, சகோதரியே, என்று கூவ, சோப்பு வேணுமா என்று மற்றவள் கூவ, வார்டன் அக்கா தலையில் அடித்துக்கொண்டு போனாள், சிரித்துச் சிரித்து வயிறு நொந்து கிடந்தபோதுதான் சலோமி அதைச் சொல்லித் தொலைத்தாள், அம்மா போனதிலிருந்து ஜெபத்தில் கூப்பிட்டால் அந்தப் பக்கம் யாருமே இல்லாத மாதிரி இருக்கிறது என்று, பியூலா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள், யாரிடமும் சொல்லாதே என்று சலோமி கேட்கவில்லை, ஜெபத்துணையிடம் அப்படி யார் கேட்பார்கள், கேட்டிருக்க வேண்டும், கூறுகெட்டவள்.

இன்று ஜெபக்குறிப்பு உண்டா என்று கேட்டதுமே எழுந்து நின்றது பியூலா, என் தோழி சலோமி விசுவாசத்தில் தளர்ந்துபோயிருக்கிறாள், ஆண்டவர் இல்லையோ என்று நினைக்கிறாள், எல்லாரும் பாரம் எடுத்து ஜெபியுங்கள், சொல்லும்போதே குரல் தழுதழுத்தது, அந்த அழுகை பொய்யில்லை, அதுதான் சலோமிக்குத் தாங்கவில்லை, இந்த வளாகத்தில் ஒருத்தியைப் பற்றி வம்பாகப் பேசினால் பாவம், ஜெபக்குறிப்பாகச் சொன்னால் ஊழியம், ஆமென் என்கிறார்கள், எண்பது தலைகளும் நிமிர்ந்து அவளையே பார்க்கின்றன, பரிதாபமாகப் பார்க்கின்றன, ஆயர் ஐயா வெளியே போகிற வழியில் அவள் தலையில் கைவைத்து, அடுத்த வருஷம் பாப்போம்மா, மொதல்ல நீ தேறி வா என்கிறார், மூன்று வருடப் படிப்பு அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று.

கூட்டம் கலைந்ததும் பியூலா வந்து ஒட்டி உட்கார்ந்தாள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது, உனக்காகத்தாம்ட்டி சொன்னேன், எல்லாம் சரியாப்போவும், நாளைக்கு கிரேக்கப் பரீட்சைல்லா, சாயங்காலம் ஒருக்கா சொல்லித்தாரியா என்றாள். சலோமிக்கு அவளை அறைய வேண்டும் போலவும், அவள் மடியிலேயே விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இனி என்னைய ஏட்டின்னு கூப்பிடாத, பியூலா, என்று மட்டும் சொன்னாள்.

ஏன்ட்டி, என்றாள் பியூலா, அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.